பதிவில் இல்லாதது

அஞ்சுகம் என்று பெயர் வைத்தார் அப்பா.
கிளிப்பிழைப்புதான் கிடைத்தது.
ஜார்ஜ்டவுன் நீதிமன்றத்தில் பத்தொன்பது வருடமாக
பிறர் சொன்னதை மட்டும் சொல்கிறேன்.
தமிழில் அடித்தவனை மலாயில் அடித்தவனாக்குவேன்,
ஓர் அடி கூடாமல் குறையாமல்.

இப்போது குறுக்கே பேச ஒருவன் வந்திருக்கிறான்.

சாட்சி சொல்கிறாள்:
‘அன்னைக்கு ராத்திரி அவரு கையில கத்தி இல்லைங்க.’
நான் மலாயில் அன்றிரவைச் சொல்லி
அவர் கையைச் சொல்லி
கத்திவரை வந்து
இருமுகிறேன்.
இருந்ததா இல்லையா என்று
அறையே காத்திருக்கிறது.
கூண்டில் நிற்பவன்
என் தொண்டையையே பார்க்கிறான்.
‘புவான் அஞ்சுகம், தண்ணீர் குடித்துவிட்டுச் சொல்லுங்கள்’
என்கிறார் மாஜிஸ்திரேட், கடிகாரத்தைப் பார்க்காத மாதிரி.

ஒலிநாடாவைக் கேட்டு எழுதும் பெண்
அந்த இடத்தில் மூன்று புள்ளி வைக்கிறாளாம்.
போன மாதம் மட்டும் நான்
எத்தனை புள்ளி.

இடது நுரையீரலில் மேல்துண்டை எடுத்தார்கள்.
மிச்சத்துக்கு முப்பது நாள் கதிர் காட்டினார்கள்.
‘ஸ்கேன் சுத்தம்’ என்றார் டாக்டர் லிங்,
தன் வீட்டுக் கூடத்தைக் கழுவிவிட்டவர்போல.
அப்படியானால் இது?
‘தழும்பு. கொஞ்ச நாள் இருக்கும்.
கொஞ்சம் கூடுதலாகவும் இருக்கலாம்.’
தழும்பு பேசுமா டாக்டர் என்று கேட்க நினைத்தேன்.
அதுவே முந்திக்கொண்டது.

ஆயர் ஈத்தாம் பேருந்தில்
பக்கத்து இருக்கைக்காரி
பிள்ளையின் முகக்கவசத்தை ஏற்றிவிடுகிறாள்.
இது தொற்றாதம்மா என்று
மூன்று மொழியில் சொல்லத் தெரியும் எனக்கு.
வாயைத் திறந்தால்
நான்காவது வந்துவிடும்.

சூ லியன் என் மேசையில்
கறுப்புப் பாகு மருந்து வைத்துவிட்டுப் போகிறாள்.
காவலர் ரஸிஃப் இஞ்சியும் தேனும் என்கிறார்.
பினாங்கு வீதிக் கடையில்
சித்தரத்தை வாங்கிக் கடைவாயில் அடக்குகிறேன்.
வக்கீல்களின் வாசனைத் திரவியத்துக்குத்
தள்ளி நிற்கிறேன்.
அக்கரைக் காடு எரியும் மாதம்
ஜன்னலைத் திறப்பதில்லை.
வீட்டில் சாம்பிராணி வேண்டாமென்றேன்,
வெள்ளிக்கிழமைகளில் சாமியும்
புகையில்லாமல் இருக்கப் பழகிக்கொண்டது.

தும்மினால் ‘நூறு’ என்று வாழ்த்துவார்கள்.
இருமியவளுக்கு யாரும்
ஐந்துகூடச் சொல்வதில்லை.

பாத்தோக் என்றால் மலாயில் வெறும் இருமல்.
சூ லியன் சொல்லும் கசாவும் அதுதான்.
தமிழில்தான் பிரித்துப் பார்த்தேன், தொழில்புத்தி:
இரு, என்கிறது முதலில்.
பிறகு மல்லுக்கு நிற்கிறது.

ராத்திரி மூன்று தலையணை.
பாதி உட்கார்ந்த தூக்கம்.
இருமினால் பக்கத்தில் அசைவே இருக்காது.
ஆனால் காலையில்
குப்பைக்கூடையின் காகிதக் கைக்குட்டைகள்
ஒவ்வொன்றாய்ப் பிரிக்கப்பட்டிருக்கும்.
ரத்தம் தேடிவிட்டு
திரும்பவும் கசக்கிப் போட்டிருப்பார் குணாளன்.
அவருக்கு முன்போலக் கசக்க வராது.
நான் கேட்டதில்லை.

நேற்று மழை. காற்று குளிர்ந்து கிடந்தது.
எப்போது தூங்கினேனோ தெரியாது.
திடீரென்று விளக்கு.
என் மூக்கின் கீழ் அவர் விரல்.
‘என்னங்க?’
‘சத்தமே இல்லை’ என்றார்,
களவு போனதைப் புகார் சொல்பவர் குரலில்.
மணி மூன்றே கால்.
எட்டு மாதத்தில் ஒருநாள்
முழுசாய்த் தூங்கியிருப்பேனே மனுஷா என்று
கோபம்தான் முதலில் வந்தது.
அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு.
சிரிப்பு பாதியிலேயே
இருமலாகி
கட்டில் குலுங்க, கண்ணில் நீர் முட்ட, விலா நோக

அவர் விளக்கை அணைத்தார்.
நான் இருமி முடிப்பதற்குள்
குறட்டை விட்டார்.